வெந்நீர் கட்டிய படிகள்

இடுக்கி மாவட்டத்து இரவிகுளத்திலும் பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கிலும் தேசியப் பூங்காக்கள் உள்ளன. அவற்றின் மலைகள் நைஸ், கிரானைட் போன்ற தொன்மையான பாறைகளால் ஆனவை. அங்கே வரையாட்டையும் சோலைக்காட்டையும் காணலாம். வெந்நீர் கட்டிய படிகளைக் காண இயலாது. சுண்ணாம்பாலான அத்தகைய படிகள் தோன்ற நிலத்தடி வெப்பமும் சுண்ணாம்புக்கல்லும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

அமெரிக்காவில் 1872-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடபகுதியில், மாமத் வெந்நீரூற்றுகள் என்னுமிடத்தில் இவ்விரண்டும் அமைந்துள்ளன. நிலத்துள் இறங்கும் மழைநீரும் பனிநீரும் அங்கே சூடேறுகின்றன. கரியமிலவாயு கலந்த அந்நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. வெளியே வந்ததும் வாயு பிரிந்துவிடுகிறது, சுண்ணாம்பு படிகிறது. நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெண்ணிறப் படிவும் பெரும்பாலும் இதே பொருள்தான். இவ்வாறு வயல் வரப்புகள்போல் விளிம்புகள் எழுந்து, நீர் நிறைந்த படிகள் அடுக்கடுக்காக உருவாகின்றன. நீர் ஓடும் இடங்களில் மஞ்சளும் செம்மஞ்சளும் பழுப்பும் தீட்டுபவை வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்கள். நீர் நின்ற படி வெளிறிச் சாம்பல் நிறமடைகிறது.

காணச் செல்வோர் மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கலாகாது. மேலோடு மெல்லியது, அதன் கீழே கொதிநீர் இருக்கக்கூடும். இப்பூங்காவின் வெந்நீரூற்றுகளில் வெந்து உயிரிழந்தோர் உண்டு. மிதிபட்ட படிவும் எளிதில் சிதைந்துவிடும்.

பயனற்ற வெந்நீரை இவ்வளவு காப்பது ஏன் என்று சிலர் வினவலாம். 1966-இல் தாமஸ் பிராக் என்னும் அறிஞரும் அவர் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் இதே பூங்காவின் வேறொரு வெந்நீரூற்றிலிருந்து 'தெர்மஸ் அக்வாட்டிக்கஸ்' என்னும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். வெப்பத்தால் கெடாத அதன் நொதியே, சிறிதளவு மரபணுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு உறுதுணையாயிற்று. அம்முறையை வகுத்த கேரி மல்லிஸ் 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொரோனாத் தொற்றைக் கண்டறிந்த சோதனையும் அம்முறையைச் சார்ந்ததே. 1872-இல் பூங்காவை அமைத்தோர் இதனை எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

நியூசிலாந்தின் வைராக்கையில் நடந்தது வேறு. அங்கே 1958-இல் நிலவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடி வெந்நீர் எடுக்கப்பட்டதால், அருகிலிருந்த பள்ளத்தாக்கின் பீறிடும் ஊற்றுகள் சில ஆண்டுகளில் அடங்கின. மின்சாரம் கிடைத்தது, ஊற்றுகள் மறைந்தன.

நம் குந்திப்புழையின் குறுக்கேயும் அணை கட்டத் திட்டமிட்டதுண்டு. அது கைவிடப்பட்டு, 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. அக்காட்டில் இன்னும் அறியப்படாதவை என்னென்ன உள்ளன என்பதை நாம் அறியோம். காத்து வைத்தால்தான் பின்வருவோர் அவற்றை ஆராய்ந்து அறிய முடியும்.