சூரியப் புள்ளியும் தாத்தாவின் காலும்

கொடைக்கானலுக்குச் செல்வோர் ரயிலை விட்டு இறங்கும் இடம் கொடைக்கானல் ரோடு. அங்கே நிற்காமல் ஓடும் விரைவு வண்டியின் ஊதலைக் கவனித்துக் கேளுங்கள். வண்டி நெருங்கும்போது 'கீச்'சென்று உயர்ந்து ஒலிக்கும் ஊதல், நம்மைக் கடந்ததும் சட்டென்று தாழ்ந்துவிடும். நெருங்கும்போது ஒலியலைகள் நெருக்கியடித்து வருகின்றன; விலகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. இதற்கான தத்துவத்தை 1842இல் வெளியிட்டவர் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர்.

ஒளிக்கும் இது பொருந்தும். மலை உச்சியில், 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வகத்தில், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். புள்ளியின் ஒரு பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கியும், மறுபக்கத்தில் நீலத்தை நோக்கியும் சற்றே நகர்ந்திருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று அவர் கண்டுகொண்டார். வேகம் விநாடிக்குச் சுமார் 2 கி.மீ.!

இதில் ஒரு நுட்பம் உண்டு. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவில் இருக்கும்போது இந்த நகர்வு தெரியாது. விளிம்புப் பக்கம் இருந்தால்தான் தெரியும். நடுவில் இருக்கையில் வாயு நமக்குக் குறுக்காக ஓடுகிறது, நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மலைச்சாலையில் ஏறும் ஒரு தாத்தாவைப் பாருங்கள். சிறிது தூரம் ஏறியதும் கெண்டைக்கால் வலிக்கிறது. நின்றால் வலி போய்விடுகிறது. நடந்தால் மீண்டும் வருகிறது. "வயதாகிவிட்டது" என்கிறார். உண்மையில், கால் தமனியில் கொழுப்புப் படிந்து வழி குறுகியிருக்கலாம். புகைப்பழக்கமும் நீரிழிவும் இதற்கு முக்கியக் காரணங்கள். கவனிக்காமல் விட்டால் புண் ஆறாது. காலையே எடுக்க நேரிடலாம்.

மருத்துவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தோலின் மேல் சாய்வாக வைக்கிறார். அது நம் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்புகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறியிருக்கும். ஏன் சாய்வு? செங்குத்தாக வைத்தால் இரத்தம் குறுக்காக ஓடும். சூரிய வட்டத்தின் நடுவில் உள்ள புள்ளியின் கதைதான்! 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை 60 பாகைச் சாய்வில் செலுத்தினால், விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 1,600 ஹெர்ட்ஸ் மாற்றத்தைத் தரும். இது நம் காதுக்கே கேட்கும்.

இந்த மாற்றத்தை வரைபடமாக்கினால் ஓர் அலை கிடைக்கும். ஓய்வாகப் படுத்திருப்பவரின் நல்ல தமனியில் அதற்கு மூன்று கட்டங்கள். இதயம் சுருங்கியதும் செங்குத்தாக எழும் கூர்முனை. அடுத்து, இரத்தம் ஒரு கணம் பின்னோக்கிப் பாயும் சிறு பள்ளம். பிறகு மீண்டும் முன்னோக்கி ஒரு சிறு மேடு.

மேலே அடைப்பு இருந்தால், கீழே பசித்த தசைகள் தம் சிறு நாளங்களை அகலத் திறந்து வைக்கின்றன. அதனால் பின்னோட்டம் மறைகிறது. அடைப்புக் கடுமையானால் கூர்முனை தாழ்ந்து, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மொட்டைக் குன்றாகிவிடும். நடந்து வந்த நல்ல காலிலும் பின்னோட்டம் மறையலாம். ஆனால் முனை கூர்மையாகவே இருக்கும். அதனால்தான் நோயாளியை முதலில் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள்.

கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தும் பார்ப்பார்கள், விடை 0.9க்குக் குறைந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். ஆனால், நீரிழிவு நோயாளிகள் சிலரின் தமனிச் சுவர்களில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகிவிடும். அளவெடுக்கும் பட்டையால் அவற்றை நசுக்க முடியாது. எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். அப்போது அலையின் வடிவம் உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ நடக்கையில் அடிக்கடி நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்கிறார்களா? வயதின் மேல் பழி போடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.