உங்களுக்குத் தெரியுமா? சைலன்சருக்கு அடங்கிய ரிவால்வர்

சினிமாவில் எந்த ரிவால்வரிலும் சைலன்சரை மாட்டிவிடுவார்கள். நிஜத்தில் சத்தம் அவ்வளவாக அடங்காது. அபூர்வ விதிவிலக்கு, 1895-இல் ரஷ்யா ஏற்றுக்கொண்ட நாகான் ரிவால்வர்.

• மற்றவற்றில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. வெடித்த வாயுவும் சத்தமும் அந்த வழியே கசியும்.

• நாகானில் சுத்தியலை இழுத்தால், உருளை சுழல்வதோடு முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டாவும் தனி ரகம்: குண்டு பித்தளை உறைக்குள்ளேயே புதைந்திருக்கும். உறையின் வாய் குழலுக்குள் நுழைந்து, சுடும்போது விரிந்து மிச்ச இடுக்கையும் அடைத்துவிடும்.

• வடிவமைத்தவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லெயோன் நாகான்.

• சாமர்த்தியம்தான், ஆனால் விசையை இழுக்க விரலில் நல்ல பலம் வேண்டும். ஏழு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். காலி உறைகளைத் தள்ளி எடுப்பதும் அப்படியே.