காட்டு யானையைப் பிடிக்கக் கும்கி: ஊசி பட்ட பிறகுதான் ஆபத்து

2025 மே மாதம் அன்னையர் தினத்தன்று, கிரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்த குட்டியை விட்டு நகராமல் நின்ற தாய் யானையின் காணொளி பலரது கைப்பேசிக்கும் வந்திருக்கும். அந்தத் தாய்க்கு மயக்க ஊசி செலுத்தித்தான் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையினர் அதை அங்கிருந்து அகற்றினர். செம்பனைத் தோட்டத்தில் புகுந்த யானை பிடிபடும்போதும் செய்தியில் ‘மயக்க ஊசி போட்டுப் பிடித்தனர்’ என்ற ஒரு வரிதான் வருகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நாள் வேலையும் பல பேருடைய உயிர்ப் பணயமும் உண்டு.

காடுகள் வெட்டப்பட்டு ஃபெல்டா நிலத்திட்டங்கள் பெருகிய காலத்தில், கன்றுகளைப் பிடுங்கித் தின்ற யானைகளைச் சுட்டுக் கொல்வதே வழக்கமாக இருந்தது. 1974-இல் பெர்ஹிலித்தான் யானை பிடிக்கும் பிரிவைத் தொடங்கியது. காட்டு யானையை உயிரோடு வெளியே கொண்டுவரப் பழக்கிய யானை வேண்டும். ஒரு காலத்தில் பேராக்கில் யானைகள் ஈயம் சுமந்தது உண்மைதான்; ஆனால் அந்தப் பழக்கம் எப்போதோ மறைந்துவிட்டது. எனவே அஸ்ஸாமிலிருந்து கும்கிகளை வரவழைத்தனர். கும்கியின் முதுகில் இருந்தபடி சுருக்குக் கயிறு வீசி யானை பிடிப்பது அங்கே பழைய தொழில். திரைப்படத்தால் நமக்குப் பழகிப்போன ‘கும்கி’ என்ற சொல்லைத்தான் இங்குள்ள அதிகாரிகளும் பயன்படுத்துகின்றனர். 1989-இல் பஹாங், லாஞ்சாங் அருகே அமைந்த கோலா கண்டா யானைகள் காப்பகம் இந்தப் பிரிவின் தளம்.

வேலை தடம் தேடுவதில் தொடங்குகிறது. கால்தடம், சாணத்தின் ஈரம், முறிந்த செடி ஆகியவற்றைப் பார்த்து நடந்தே பின்தொடர வேண்டும். ஊசித் துப்பாக்கி வெகுதூரம் சுடாது. அடர்ந்த புதரில் யானையைத் தெளிவாகப் பார்ப்பதற்கே மிக அருகில் போக வேண்டியிருக்கும். காற்று திசை மாறினால் மனித வாடையை அது உடனே பிடித்துவிடும்.

ஊசி பட்டதும் யானை விழுந்துவிடும் என்று நினைப்பது தவறு. மருந்து வேலை செய்யச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் அது திரும்பித் தாக்கலாம். மிரண்டு ஓடிப் பள்ளத்திலோ நீரிலோ அரை மயக்கத்தில் சிக்கலாம். எடையைக் கண்ணால் கணித்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கின்றனர். குறைந்தால் மனிதருக்கு ஆபத்து; கூடினால் யானைக்கு ஆபத்து. யானையின் நுரையீரல் நெஞ்சுக்கூட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பது. நெஞ்சு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. மார்பு தரையில் அழுந்தக் குப்புறப் படுத்துவிட்டால் தன் எடையே அதை மூச்சுத் திணறடித்துவிடும். அதனால், முடிந்தவரை நின்றபடியே மயங்க வைக்கப் பார்க்கின்றனர். உடல் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு.

கால்களைச் சங்கிலியால் மரத்தில் பிணைத்த பின்னரே கும்கிகள் வருகின்றன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கும்கிகள் நிற்க, நடுவில் காட்டு யானையைக் கட்டி லாரி வரை நடத்திச் செல்கின்றனர். எந்த இயந்திரமும் போக முடியாத சேற்றிலும் மேட்டிலும் இது நடக்கிறது. முரண்டு பிடிக்கும் யானையைக் கும்கி தள்ளும். சில நேரம் அதன் துணையே யானையை அமைதியாக்கிவிடும். பாகன் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து காட்டு யானையின் தும்பிக்கை எட்டும் தூரம்தான்.

யானை பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் லயத்திலிருந்து கூட்டம் கூடுவதும், கைப்பேசியுடன் நெருங்குவதும் இயல்பாகிவிட்டது. சத்தத்தில் மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று பாகனாலும் சொல்ல முடியாது. பட்டாசு கொளுத்துவது அதைவிட மோசம்.

பிடித்த யானையைத் தாமான் நெகாரா, பெலூம், கென்யிர் போன்ற பெருங்காடுகளில் விடுகின்றனர். விட்ட இடத்திலேயே எல்லாம் தங்கிவிடுவதில்லை. பழைய இடத்தை நோக்கி நடந்தவையும் உண்டு. அடர்காட்டைவிட, புல்லும் இளஞ்செடியும் நிறைந்த காட்டோரமே யானைக்கு விருப்பம். செம்பனைத் தோட்டங்கள் இருப்பதும் அங்கேதான். ஒற்றைக் கொம்பனைக் கொண்டுபோனாலும் கூட்டம் பின்னால் இருக்கும்.

அதனால்தான் மின்வேலி பற்றிய பேச்சு இப்போது அதிகம். முறையாக அமைத்த வேலியில் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும். யானை அதிர்ந்து விலகுமே தவிரச் சாகாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இழுத்துவிடுவது வேறு. பன்றிக்காகவோ யானைக்காகவோ அப்படிக் கட்டிய கம்பியில், அதிகாலையில் பால்மரம் வெட்டப் போகிறவரின் காலும் படலாம்.