கரையோரத்துக் கழகங்கள் – 9: எல்பே ஆற்றங்கரையின் தொழிலாளர் மைதானம்

1892 ஆகஸ்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தில் கொலரா பரவியது. எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாய்களில் அனுப்பிக்கொண்டிருந்த நகரம் அது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,600 பேர் மாண்டார்கள். ஒட்டியே இருந்த அல்டோனா நகரம் அதே ஆற்று நீரை மணலில் வடித்துக் குடித்ததால் பெருமளவு தப்பியது. ஹம்பேர்க்குக்குத் தண்ணீர் இறைத்த நிலையம் இருந்த இடம் ரோத்தன்புர்க்ஸோர்ட். ஆற்றுக்கும் கால்வாய்களுக்கும் நடுவே தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. இந்த வாரக் கதை அங்கேதான் நடக்கிறது.

நான்கு வருடங்கள் கழித்து, 1896 நவம்பரில், துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடுங்குளிரில் பதினொரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். முடிவில் தோற்றார்கள். ஆனால் சங்கமாகச் சேரும் பழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை. 1878 முதல் 1890 வரை சோசலிசவாதிகளின் கூட்டங்களை அரசு சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அந்தச் சட்டம் பாட்டுச் சங்கங்களையும் உடற்பயிற்சிச் சங்கங்களையும்கூட விட்டுவைக்கவில்லை. பழைய உடற்பயிற்சிக் கழகங்களிலோ பேரரசர் புகழும் போர்ப் பெருமையும்தான் ஓங்கியிருந்தன. அங்கே துறைமுகக் கூலிக்காரனுக்கு மரியாதை கிடைக்காது. அதனால் சட்டம் நீங்கிய பிறகு, 1893இல், கேரா நகரில் தொழிலாளர்கள் தமக்கென்று உடற்பயிற்சிச் சம்மேளனம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அதன் கிளைகள் முளைத்தன.

ரோத்தன்புர்க்ஸோர்ட்டின் லோர்பேர் கழகம் பிறந்தது 1906இல். பின்னாளில் ஜேர்மன் தொழிலாளர் உதைபந்தாட்டத்தில் அதற்கு நிகரான பெயர்கள் மிகச் சிலதான் இருந்தன.

இடையில் ஒரு மாற்றம் நடந்தது. என் பார்வையில் எந்தக் கோப்பையையும்விட அதுவே பெரிது. 1918 நவம்பர்ப் புரட்சிக்குப் பிறகு எட்டு மணிநேர வேலைநாள் வந்தது. அதுவரை இருட்டில் போய் இருட்டில் திரும்பியவனுக்கு முதல் தடவையாகப் பின்னேரம் என்று ஒன்று கிடைத்தது. தென்னந்தோட்டத்தில் வேலை முடித்தவரும் களப்பில் வலை இழுத்தவரும் அசர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் நிற்பதை எங்கள் புத்தளம் மாவட்டத்துக் கனமூலையில் நாம் சாதாரணமாகவே பார்க்கிறோம். ஹம்பேர்க் தொழிலாளிக்கு அந்தப் பின்னேரம் போராடிப் பெற்ற சொத்து. அதனால்தான் இருபதுகளில் இந்தக் கழகங்கள் அப்படிப் பெருகின. உடற்பயிற்சி, நீச்சல், கைப்பந்து, ஓட்டம், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பிரிவுகள் இருந்தன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. தொழிலாளர் விளையாட்டு அமைப்புகள் எல்லாவற்றிலுமாகச் சேர்ந்தவர்கள் சுமார் பன்னிரண்டு இலட்சம்.

உதைபந்தாட்டத்தை அந்த இயக்கம் முதலில் சந்தேகத்துடன்தான் பார்த்தது. பந்து ஆட்டம் ஒருவனை மட்டும் நட்சத்திரமாக்கிவிடும், வெற்றிவெறியைக் கிளப்பும் என்று பெரியவர்கள் பயந்தார்கள். கோல் போட்டவனின் பெயரைப் பெரிதாக அச்சிடவே இயக்கத்துப் பத்திரிகைகள் தயங்கின. ஆனால் இளைஞர்கள் பந்தை விடவில்லை. 1920 முதல் தொழிலாளர்களுக்கென்று தனித் தேசியச் சம்பியன் போட்டி நடந்தது. 1929இலும் 1931இலும் அதை வென்றது லோர்பேர்.

அந்த அணியின் முன்கள வீரர் எர்வின் சேலர், 1910இல் பிறந்த துறைமுகத் தொழிலாளி. 1931 ஜூலையில் வியன்னாவில் தொழிலாளர் ஒலிம்பிக் நடந்தது. அதற்காகவே கட்டி முடித்த பிராட்டர் மைதானத்தில், ஹங்கேரிக்கு எதிராக ஜேர்மன் தொழிலாளர் அணி ஒன்பது கோல் அடித்தது. அதில் ஏழு சேலருடையது.

அடுத்த வருடம் அவர் லோர்பேரை விட்டு, முதலாளித்துவக் கழகம் என்று தோழர்கள் சொன்ன விக்டோரியாவுக்குப் போனார். சமூக ஜனநாயகக் கட்சியின் ‘ஹம்பேர்கர் எக்கோ’ பத்திரிகை வழிதவறிய தொழிலாளி என்று அவரைச் சாடியது. புத்தளத்துப் பையன் ஒருவனைக் கொழும்புக் கழகம் கூப்பிட்டால் ஊரே சேர்ந்து வழியனுப்பி வைக்கும். அதையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சாடல் கொடுமையாகவே படுகிறது. வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த வருடம் அது. ஒரு துறைமுகத் தொழிலாளி தன் காலில் இருந்த திறமையைக் கொண்டு கொஞ்சம் மேலே வர நினைத்ததில் என்ன துரோகம்? ஆனாலும் கழகத்தாரின் வலியும் எனக்குப் புரிகிறது. கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா கட்டி வளர்த்த அணி அது.

கண்டிக்கப்பட வேண்டியது வேறொன்று. 1928க்குப் பிறகு சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் விளையாட்டிலும் பிரிந்து, கழகம் கழகமாக உடைந்தார்கள். பொது எதிரி வாசலுக்கு வந்தபோது அவர்கள் ஒன்றாக நிற்கவில்லை. 1933இல் ஹிட்லர் அரசு தொழிலாளர் விளையாட்டு இயக்கத்தை மொத்தமாகத் தடைசெய்தது. மைதானங்கள், மண்டபங்கள், கைக்காசு எல்லாம் பறிபோயின. பெர்லின் மல்யுத்த வீரர் வெர்னர் சேலன்பின்டர் இந்த இயக்கத்தில் வளர்ந்தவர். நாசிகளை எதிர்த்து இரகசியமாக வேலை செய்ததற்காக 1944 ஒக்டோபரில் அவரைக் கொன்றார்கள்.

ரோத்தன்புர்க்ஸோர்ட்டுக்கு அதற்கு முன்பே அழிவு வந்தது. 1943 ஜூலை 27 இரவு பிரித்தானிய விமானங்கள் போட்ட குண்டுகளால் கிழக்கு ஹம்பேர்க்கில் நெருப்புச் சூறாவளி எழுந்தது. அன்றிரவு எரிந்த தொழிலாளர் பகுதிகளில் ரோத்தன்புர்க்ஸோர்ட்டும் ஒன்று. பிழைத்தவர்கள் நாலா திசைக்கும் சிதறினார்கள். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களை ஏற்றுக்கொண்ட புத்தளம் மாவட்டத்துக்கு, ஊரோடு அழிந்துபோகும் தெருக்களின் கதையை விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்த பிறகு தொழிலாளர்களுக்கென்று தனிச் சம்மேளனம் மறுபடி எழவில்லை. பழைய தோழர்கள் பலர் எல்லோருக்கும் பொதுவான கழகங்களில் சேர்ந்து, பயிற்றுநர்களாகவும் செயலாளர்களாகவும் உழைத்தார்கள். லோர்பேரின் பெயரும் ரோத்தன்புர்க்ஸோர்ட்டில் திரும்ப எழுந்தது. உடற்பயிற்சியும் விளையாட்டும் சேர்ந்த கழகமாக. எர்வின் சேலர் 1938 முதல் ஹம்பேர்க் எஸ்.வி. அணிக்கு ஆடினார். அவருடைய மகன் ஊவே 1966 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனிக்குத் தலைமை தாங்கினார்.

(அடுத்த வாரம்: தொழிலாளர் ஒலிம்பிக்கில் பெண்கள்)