மீனுக்கு முன்னே நீர்

இளமையில் வண்ணமீன் வளர்த்தோர் பலர், கல்வி, பணி ஆகியவற்றின் சுமையால் அதனைக் கைவிட்டு, பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் அதனை நாடி வருகின்றனர். ஆவலுடன் வாங்கிய மீன்கள் ஓரிரு வாரங்களில் ஒவ்வொன்றாக மடிந்த துயரம் அவர்களுள் சிலருக்கு இன்றும் நினைவிருக்கும். நோயே காரணம் என்றோ, தமக்குக் கைராசி இல்லை என்றோ அவர்கள் அன்று எண்ணியிருக்கலாம். பக்குவப்படாத நீரே புதிய தொட்டிகளில் மீன்கள் இறப்பதற்குப் பெருங்காரணமாக அமைகிறது. ஆகவே, மீண்டும் தொட்டி அமைப்போர் மீனை வாங்குமுன் நீரைப் பக்குவப்படுத்தக் கற்றல் வேண்டும்.

தொட்டிக்குள் ஒரு குளம்

இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், நீர் நிரம்பிய கலத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒருங்கே வளர்த்தார். தாவரம் உயிர்வளியை அளித்தது. ஆயினும், அதன் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. நத்தைகளை விட்டபோது அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. இந்த ஆய்வை அவர் 1850ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர், ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தக்காஷி அமானோ, கல்லும் மரமும் செடியும் இணைந்த நிலக்காட்சியாகத் தொட்டியை அமைக்கும் கலையை உலகறியச் செய்தார்.

கண்ணுக்குப் புலப்படாத உழைப்பாளிகள்

மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறுகின்றன. இது மீனின் செவுள்களைத் தாக்கும் நஞ்சாகும். நீரிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறுவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தாவரங்கள் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக ஏற்கின்றன. மண்ணில் நிகழும் இச்செயலை உருசிய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் விளக்கினார்.

இந்த நுண்ணுயிரிகள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்கின்றன. அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை தொட்டியில் மீன் இல்லாதிருத்தலே நலம்.

அமைக்கும் முறை

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடைய தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 54 கிலோகிராம் ஆதலால், அதனைத் தாங்கும் மேசை தேவை. நேரடி வெயில் படும் சன்னலோரம் பாசியைப் பெருக்கும். அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும்.

அடியில் ஊட்டமிக்க மண்ணையோ கழுவிய மணலையோ பரப்பலாம். வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன் ஆகியவற்றை வேர் மண்ணுள் இருக்குமாறு நடவேண்டும். ஜாவா பெரணி, அனுபியாஸ் ஆகியவற்றின் கிடைத்தண்டு மண்ணுள் புதைந்தால் அழுகும். அவற்றைக் கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவைக்க வேண்டும். நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணிநேர விளக்கொளி தொடக்கத்தில் போதுமானது.

குழாய்நீரிலுள்ள குளோரின் மீனுக்கும் நுண்ணுயிரிக்கும் கேடு விளைவிக்கும். ஆகவே, அதனை நீக்கும் மருந்தைக் கலந்தபின்பே நீரை ஊற்றவேண்டும். பின்னர், சிறிதளவு மீன் உணவைத் தூவிவந்தால் அது சிதைந்து நுண்ணுயிரிகளுக்கு உணவாகும். சோதனைக் கரைசல் கொண்டு ஆய்கையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகத் தொடர்ந்து காட்டினால் நீர் பக்குவமடைந்தது எனலாம். அதன்பின் மீன்களைச் சிலசிலவாக விடவேண்டும்.

பழைய பழக்கமும் புதிய அறிவும்

வாரந்தோறும் தொட்டியைக் கவிழ்த்து, மணலைத் தேய்த்துக் கழுவி, முழுநீரையும் மாற்றுவது முன்னாளில் தூய்மை எனக் கருதப்பட்டது. அவ்வாறு செய்தால் பல வாரங்கள் வளர்ந்த நுண்ணுயிரிகள் பெரும்பாலும் அழிந்து, நீர் மீண்டும் தொடக்க நிலையை அடையும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும்.

நீர்நிலைகளுக்கான பொறுப்பு

தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடுவது இரக்கச்செயல்போல் தோன்றும். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிமீனாக வந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இன்று தமிழக நீர்நிலைகளிலும் பரவி, உள்நாட்டு மீன்களுக்குப் போட்டியாக விளங்குகிறது. அழகுச்செடியாகக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை, ஏரிகளை மூடிப் பரவியதும் நாம் அறிந்ததே. வேண்டாத மீனை விற்பனையாளரிடமோ பிற வளர்ப்போரிடமோ ஒப்படைக்கலாம். வெட்டிய செடிகளை உலர்த்தி எருவாக்கலாம். கண்ணாடிக்குள் ஒரு குளத்தைக் காப்பவர், ஊரிலுள்ள குளத்தையும் காக்கும் கடமை உடையவராவார்.