விண்ணொளி திரட்டும் பேராடிகள்

வானாராய்ச்சி நிலையம் என்றதும், பெருங் குழாயொன்றின் முனையிற் கண்ணை வைத்துச் சந்திரனைப் பெரிதாகக் காணும் ஒருவரது உருவமே நம்மிற் பலர் மனத்தில் எழும். ஆயின், தொலைகாட்டியின் தலையாய தொழில் ஒளியைத் திரட்டுதலேயாம். முற்றத்து மழைநீரைச் சிரட்டையில் ஏந்துவதற்கும் அண்டாவில் ஏந்துவதற்கும் உள்ள வேறுபாடு எதுவோ, அதுவே கண்ணுக்குந் தொலைகாட்டிக்கும் உள்ள வேறுபாடு. இருளில் நன்கு விரிந்த கண்மணியின் விட்டம் 7 மில்லிமீற்றர் அளவினது. 200 அங்குல விட்டமுள்ள ஆடியோ அக்கண்ணிலும் ஏறக்குறைய 5 இலட்சம் மடங்கு ஒளியைத் திரட்டும். ஆகவே, மங்கிய உடுக்களைக் காண விழைந்தோர் மேன்மேலும் பெரிய கருவிகளை நாடினர். அவ்வழியில் அவர்களை மறித்த தடைகள் யாவை, அவை எவ்வாறு வெல்லப்பட்டன என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

முதலாவது தடை கண்ணாடியின் பாரம். வில்லையினூடாக ஒளி செல்லவேண்டியிருத்தலின் அதனை விளிம்பில் மாத்திரமே தாங்கலாம். வில்லை பெரிதாகுந்தோறும் தன் பாரத்தாலே தானே வளையும். அமெரிக்காவில் யேர்க்கிசு நிலையத்தில் 1897இல் நிறுவப்பட்ட 40 அங்குலத் தொலைகாட்டியோடு வில்லையின் வளர்ச்சி உச்சத்தை எட்டியது. அதன்பின் பெருங் கருவிகளை அமைத்தோர் குழிவாடியையே கைக்கொண்டனர். ஆடியை முதுகுப்புறம் முழுவதுந் தாங்கலாம். ஒரு பரப்பை மட்டுஞ் செப்பஞ் செய்தாற் போதும். ஆனால், அப்பரப்பிலுள்ள பிழை ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னத்தை மிஞ்சலாகாது. அவ்வலைநீளமோ ஒரு மில்லிமீற்றரின் ஈராயிரத்தில் ஒரு பங்களவே!

இத்தகைய ஆடிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கலிபோர்னியாவில் பலோமார் மலையிலுள்ள 200 அங்குல ஆடியாகும். அதனை அமைக்க எண்ணி முயன்றவர் ஜோர்ஜ் எலரி ஹேல் என்னும் அறிஞர். சாதாரண கண்ணாடி வெப்பத்தால் விரிந்து வடிவங் கெடுமாதலால், விரிவு குறைந்த பைரெக்சுக் கண்ணாடி தெரிந்தெடுக்கப்பட்டது. பாரத்தைக் குறைக்கும் பொருட்டு அதன் பின்புறம் தேன்கூடு போன்ற அறைகளுடன் வார்க்கப்பட்டது. 1934 மார்ச்சில் நிகழ்ந்த முதல் வார்ப்பில் அச்சின் பகுதிகள் பெயர்ந்து மிதந்தன; அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் வார்த்தனர். விரைந்து குளிர்ந்தாற் கண்ணாடி பிளக்குமாதலின், பத்து மாதங்களாக மெல்ல மெல்லக் குளிரவைத்தனர். 1936இற் புகைவண்டி மூலம் கலிபோர்னியா சேர்ந்த அவ்வாடியைத் தேய்த்து மெருகிடும் வேலை, இடையிற் போரினாலே தடைப்பட்டு, 1947இலேயே முற்றுப்பெற்றது. 1948இல் நிலையந் திறக்கப்பட்டபோது ஹேல் உயிரோடில்லை, 1938இலேயே காலமாகிவிட்டார். தாம் காணாத வானத்துக்காக உழைத்த அப்பெரியாரின் பெயரையே அத்தொலைகாட்டி தாங்கி நிற்கின்றது.

ஆடியின் விட்டத்தையுந் தடிப்பையும் இருமடங்காக்கினாற் பாரம் எட்டு மடங்காகும். இச்சிக்கலுக்கு ஜெரி நெல்சன் என்பார் கண்ட தீர்வு, ஒரே ஆடிக்குப் பதிலாகப் பல சிற்றாடிகளை இணைத்தலாகும். ஹவாயில் மௌனா கீ மலையுச்சியிலுள்ள கெக் தொலைகாட்டியின் 10 மீற்றர் ஆடி, 36 அறுகோணத் துண்டுகளாலானது. ஒவ்வொன்றும் 1.8 மீற்றர் அகலமும் 75 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. விளிம்புகளிற் பொருத்தப்பட்ட உணர்கருவிகள் அயலயலான துண்டுகளின் நிலையை அளக்க, கணினி அவற்றை வினாடிக்கு இருமுறை திருத்துகின்றது. 1992இல் 36 துண்டுகளும் ஓராடியாக ஒருங்கமைந்தன.

பாரத்தை வென்ற பின்னும் காற்று எஞ்சிநின்றது. அந்திரொமீடா விண்மீன்தொகுதியின் ஒளி, 25 இலட்சம் ஆண்டுகள் வெளியிற் பயணஞ் செய்து வந்து, நமது வளிமண்டலத்தைக் கடக்கும் கடைசிக் கணத்திற் கலங்கிவிடுகின்றது. உடுக்கள் மினுங்குவதும் இக்கலக்கத்தாலேயே. இதனை அளந்து, உருமாறும் பரப்பொன்றினால் உடனுக்குடன் திருத்தலாமென 1953இல் ஹொரேஸ் பாப்கொக் என்பார் யோசனை கூறினார். விரைந்த கணினிகள் தோன்றிய பின்னரே அது கைகூடிற்று. இன்று, 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சோடியப் படலத்தை லேசர்க் கதிரால் ஒளிரச் செய்கின்றனர். அச்செயற்கை உடுவின் ஒளி கலங்கும் விதத்தை அளந்து, அதற்கிணங்க மெல்லிய ஆடியொன்றை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நெளியச் செய்கின்றனர்.

இம்முயற்சியின் பயன் பெரிது. ஹவாயிலுஞ் சிலியிலுமுள்ள தொலைகாட்டிகளால், பால்வீதியின் நடுவைச் சுற்றிவரும் உடுக்களை ஆண்டுக்கணக்காகத் தொடர முடிந்தது. அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் ஞாயிறுகளின் திணிவு மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கியிருப்பதைக் காட்டியமைக்காக, அந்திரேயா கெஸ், ரைன்ஹார்ட் கென்செல் ஆகிய இருவரும் 2020இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். சிலியில் இப்பொழுது 798 துண்டுகள் கொண்ட 39 மீற்றர் ஆடியுடன் வேறொரு தொலைகாட்டி கட்டப்பட்டு வருகின்றது.

எமது ஆய்வுகூடத்தில் ஊசியையுங் குழிவாடியையும் வைத்துக் குவியத்தூரம் அளக்கும் மாணவர், இப்பேராடிகளை ஆளும் அதே தெறிப்பு விதியையே பயில்கின்றனர். சிறு பிழையையும் பொருட்படுத்தி, அளந்து, பொறுமையோடு திருத்தும் பழக்கமே சிற்றாடியிலிருந்து பேராடிக்கு இட்டுச் சென்ற வழி. அப்பழக்கம் எமது மாணவரிடத்து நாளும் வளர்வதாக.