மேடை இரவுகள் – 9: பிரம்புப் பெட்டியில் ஒரு குதிரை வண்டி

போன வாரம் 'மவுஸ்ட்ராப்' நாடகத்தைப் பற்றிப் பார்த்தோம். லண்டனில் பாட்டும் கூத்தும் இல்லாத நாடகங்களில் அதற்கு அடுத்தபடியாக நீண்ட காலம் ஓடியது 'தி வுமன் இன் பிளாக்'. 2023 வரை என் வருடாந்தர வழிபாடு இதற்குத்தான். நாலரை மணிக்கே இருட்டிவிடும் நவம்பர் வந்தால் ஒரு மாலையை ஒதுக்கிவிடுவேன். அது ஓடிய, ரசல் தெருவில் இருக்கும் ஃபார்ச்சூன் தியேட்டரில் 432 இருக்கைதான். எதிரே ட்ரூரி லேனின் பிரம்மாண்ட அரங்கம். அதன் நிழலில் இது ஏதோ பக்கத்துக் கடை மாதிரி ஒடுங்கி நிற்கும்.

இந்த நாடகமும் பஞ்சத்தில் பிறந்ததுதான். 1987. ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரின் ஸ்டீபன் ஜோசப் தியேட்டரில், தலைமைப் பொறுப்பிலிருந்த ஆலன் ஏய்க்போர்ன் விடுப்பில் போயிருந்தார். அவர் இடத்தைப் பார்த்துக்கொண்ட ராபின் ஹெர்ஃபோர்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பேய்க் கதை போட ஆசை. கையில் மிஞ்சியிருந்த பணமோ சொற்பம். ஸ்டீபன் மலாட்ராட் என்பவர் சூசன் ஹில்லின் 1983-ஆம் ஆண்டு நாவலை எடுத்தார். நாவலில் ஊர்ப்பட்ட ஆட்கள். அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லை. மலாட்ராட் என்ன செய்தார்? கிழ வக்கீல் ஆர்தர் கிப்ஸ், தன் இளமையில் நடந்ததைக் குடும்பத்தாருக்குச் சொல்லிப் பாரத்தை இறக்கிவைக்க, ஒரு நடிகரை வைத்துக் காலி அரங்கில் ஒத்திகை பார்ப்பதாக மாற்றிவிட்டார். நடிகர் இளம் கிப்ஸாகிறார். மற்ற எல்லாரும் கிழவர்தான். ஆக, மேடையில் இரண்டே பேர். மூன்றாவதாக யாராவது தெரிந்தால், அதற்கு நான் பொறுப்பல்ல.

முதல் பத்து நிமிடம் கிழவர் தன் கதையை ஒப்பிப்பது படு மொக்கையாக இருக்கும். வேண்டுமென்றேதான். பக்கத்து சீட்டில் புதிதாக வந்தவர் மணி பார்க்க ஆரம்பிப்பார். அப்போது மேடையில் கிடக்கும் ஒரு பிரம்புப் பெட்டி வேலை செய்யத் தொடங்கும். அதில் உட்கார்ந்து உடம்பைக் குலுக்கினால் ரயில். ஏறிக் கையில் இல்லாத கடிவாளத்தைச் சுண்டினால், குதிரை வண்டி சதுப்பு நிலத்துப் பாதையில் ஓடும். ஸ்பைடர் என்றொரு நாய். அது மேடைக்கே வராது. நடிகர் காற்றைத் தடவிக் கொடுப்பார். ஆனாலும் அந்த நாய்க்கு ஆபத்து வரும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். இதற்கு மேல் சாமான் என்றால், ஒரு மெல்லிய சல்லாத் திரை, புகை, ஒரு பூட்டிய கதவு, பதிவு செய்த சத்தங்கள்.

அலறல் எந்த இடத்தில் வரும் என்று எனக்கு மனப்பாடம். அதனால் அந்த நேரத்தில் மேடையைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து மாடியைப் பார்ப்பேன். பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்த நாடகம் என்பதால் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருப்பார்கள். ஆரம்பத்தில் கேலி, சிப்ஸ் பாக்கெட் சத்தம். கதவுக்கு அப்பால் 'டக்... டக்' என்று கேட்கத் தொடங்கியதும் பாக்கெட் அடங்கும். அதிகமாகக் கேலி செய்த பையன்தான் முதலில் பக்கத்திலிருப்பவனின் கையைப் பிடிப்பான். இந்தக் காட்சிக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும்.

2012-இல் டேனியல் ராட்கிளிஃப் நடித்துப் படமாகவும் வந்தது. வீடு, சேறு, பொம்மைகள் எல்லாம் தத்ரூபம். எனக்குப் பயமே வரவில்லை. எல்லாவற்றையும் அவர்களே காட்டிவிட்டால் நான் எதை நினைத்து நடுங்குவது?

1989-இல் ஃபார்ச்சூனுக்கு வந்த நாடகம், 2023 மார்ச் 4 அன்று 13,232-ஆவது காட்சியோடு அங்கிருந்து விடைபெற்றது. அடுத்து அங்கே வந்தது 'ஆபரேஷன் மின்ஸ்மீட்'. போர்க்காலத்தில் ஒரு பிணத்தை வைத்து ஹிட்லரை ஏமாற்றிய கதை, பாட்டோடு. நல்ல நாடகம், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். 'வுமன் இன் பிளாக்' வெளியூர் போனபோது நானும் ரயில் பிடித்துப் போனேன். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம் அது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் பிரம்புப் பெட்டி பிரம்புப் பெட்டியாகவே இருந்தது. அடுத்த முறை காசு போனாலும் போகட்டும், முன் வரிசையில்தான் டிக்கெட்.

(தொடரும்)